அலகைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்

இந்தியாவில் இயற்பியலின் பெயரால் நடக்கும் மொழிச் சண்டை ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியபோது அது எழுந்தது. 2021-இல் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 13 மொழிகளில் நடத்தப்பட்டபோது மீண்டும் எழுந்தது. அதே கல்வியாண்டில் பொறியியல் கல்லூரிகள் சில இந்திய மொழிகளில் பாடம் நடத்த இசைவு பெற்றபோதும் எழுந்தது. ஒவ்வொரு முறையும் களத்தில் நிற்போர் இரு தரப்பினர். ஒவ்வொரு முறையும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்.

முதல் தரப்பு ஆங்கிலத் தரப்பு. அவர்களது வாதம் எளியது: இந்திய மொழிகளில் ‘சக்தி’ என்ற ஒரே சொல் விசைக்கும் ஆற்றலுக்கும் திறனுக்கும் பொதுவாக வழங்குகிறது, இவ்வளவு குழப்பமான மொழியில் இயற்பியலைச் சொல்ல இயலாது, ஆகவே ஆங்கிலமே வழி. இரண்டாம் தரப்பு பழம்பெருமைத் தரப்பு. அவர்களது வாதமும் எளியதே: ‘சக்தி’யும் ‘ஊர்ஜா’வும் நம் தொல்நூல்களிலேயே உள்ளன, ஆகவே ஐரோப்பியர் பின்னாளில் கண்டதை நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டனர்.

இவ்விரு தரப்பினரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுகின்றனர். உண்மையில் இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். கருத்து சொல்லுக்குள் குடியிருக்கிறது என்பதே அந்தப் பிழை. சொல் குழம்பியிருந்தால் கருத்தும் குழம்பும் என்கிறார் ஒருவர். சொல் பழையதானால் கருத்தும் பழையது என்கிறார் மற்றவர். இரண்டும் மொழியியலின் முதல் பாடத்துக்கே முரணானவை. ஒலிக்கும் பொருளுக்கும் இடையே உள்ளது வழக்கு. அந்த வழக்கை ஒரு சமூகம் உருவாக்குகிறது, மாற்றுகிறது, கூர்மையாக்குகிறது.

இந்தியாவின் பாடநூல்களையே சான்றாகக் கொள்ளலாம். வங்காளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘சக்தி’ என்றால் ஆற்றல். இந்தியிலோ ஆற்றலுக்கு ‘ஊர்ஜா’. ‘சக்தி’ என்றால் திறன், அதாவது ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்பதன் அளவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அவை ஆற்றல், திறன். இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் சக்தி, வலு. எடையும் நிறையும் இன்னும் வேடிக்கையானவை. இந்தியில் ‘பார்’ என்பது எடை. அதே வேரைச் சேர்ந்த வங்காளச் சொல்லான ‘பர்’ என்பதோ நிறை. தமிழ்நாட்டில் ‘நிறை’ என்று எழுதினால் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. இலங்கையில் அதே ‘நிறை’ புவி அப்பொருளை இழுக்கும் விசை, பருப்பொருளின் அளவுக்கு அங்கே ‘திணிவு’.

இத்தனை குறுக்கும் நெடுக்குமான சொற்கள் இருந்தும் லக்னோவில் கைவிட்ட கல்லும் கொல்கத்தாவில் கைவிட்ட கல்லும் ஒரே விதிப்படியே விழுகின்றன. அதைவிட முக்கியமானது, இரு நகரங்களின் மாணவர்களும் கணக்கைப் போட்டால் ஒரே விடையே வருகிறது. காரணம், சொல்லுக்குப் பின்னால் வரையறையும், வரையறைக்குப் பின்னால் அலகும் நிற்கின்றன. லக்னோ மாணவி ‘சக்தி’ என்று எழுதி வாட்டில் விடை தருகிறாள். கொல்கத்தா மாணவி ‘சக்தி’ என்று எழுதி ஜூலில் விடை தருகிறாள். அலகைப் பார்த்த நொடியில் யார் எதைப் பேசுகிறார் என்பது விளங்கிவிடுகிறது.

ஆங்கிலம் பிறவியிலேயே தெளிவானது என்பது வரலாற்றை அறியாதோர் கூற்று. 1687-இல் வெளியான ‘பிரின்சிப்பியா’வை நியூட்டன் ஆங்கிலத்தில் எழுதவில்லை, இலத்தீனில் எழுதினார். அதில் ‘விஸ்’ என்ற ஒரே சொல்லால் இன்று விசை எனப்படுவதையும் குறித்தார், நிலைமம் எனப்படுவதையும் குறித்தார். லைப்னிட்ஸ் அதே சொல்லோடு ஓர் அடைமொழியைச் சேர்த்து ‘உயிருள்ள விசை’ என்றார். அது இன்றைய இயக்க ஆற்றலின் முன்னோடி. 1807-இல் அச்சான தம் விரிவுரைகளில் தாமஸ் யங் ‘எனர்ஜி’ என்ற சொல்லை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். அதற்கு 40 ஆண்டுகளுக்குப் பிறகும், 1847-இல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரைக்கு ஜெர்மன் மொழியில் ‘விசையின் அழிவின்மை’ என்றுதான் தலைப்பிட்டார். 1857-இல் ஃபாரடே ஆங்கிலத்தில் ஆற்றிய உரையின் தலைப்பிலும் ‘ஃபோர்ஸ்’ என்றே இருந்தது. எடை என்பது விசை வகையைச் சேர்ந்த அளவு, அது நிறையன்று என்பதை அனைத்துலக மாநாடு ஒன்று கூடி 1901-இல் அறிவிக்க வேண்டியிருந்தது. எழுதிய மொழியிலேயே தெளிவு இருந்திருந்தால் அந்த மாநாட்டுக்கு வேலை இருந்திருக்காது.

ஐரோப்பிய மொழிகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைத்து அந்தத் தெளிவை ஈட்டின. குழப்பம் அவற்றை இயற்பியலுக்குத் தகுதியற்றவையாக ஆக்கவில்லை. அப்படியிருக்க, இந்திய மொழிகளின் குழப்பத்தை மட்டும் பிறவிக் குறையாகக் காண்பது எந்த நீதி? இன்றும் ஆங்கில நாளேடுகளில் ‘மணிக்கு இத்தனை மெகாவாட்’ என்ற தொடர் காணக் கிடைக்கிறது. மெகாவாட் என்பதே ஒரு வீதம். அதை மீண்டும் மணியால் வகுப்பது, வண்டி மணிக்கு மணி 60 கிலோமீட்டர் சென்றது என்பதைப் போன்றது. ஆங்கிலம் தெரிந்தது அந்தச் செய்தியாளரைக் காப்பாற்றவில்லை.

இனிப் பழம்பெருமைத் தரப்பு. ‘எனர்ஜி’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லை அரிஸ்டாட்டில் கையாண்டார். அதனால் அரிஸ்டாட்டிலுக்கு ஆற்றல் அழிவின்மை தெரிந்திருந்தது என்று எந்த இயற்பியலாளரும் சொல்வதில்லை. கனமான பொருள் விரைந்து விழும் என்று நம்பியவரும் அவரே. திருக்குறளில் ‘ஆற்றல்’ என்ற சொல் உண்டு. அது பேசுவது மனிதரின் பொறுமையையும் வல்லமையையும். அந்தச் சொல்லின் பெருமை அதனால் குறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல் ஆக்கியோர் அந்தப் பழைய சொல்லை எடுத்து அதற்குப் புதிய வேலையைத் தந்தனர். வேதச் சொல்லான ‘ஊர்ஜ்’ என்பதிலிருந்து ‘ஊர்ஜா’வை எடுத்தோரும் அதையே செய்தனர். ஒரு சொல்லுக்கு வேலை கொடுத்த நாளை அது பிறந்த நாளோடு குழப்பிக்கொள்வது சொல்வரலாற்றுக்குச் செய்யும் அவமதிப்பு.

இது வெறும் புலமைச் சண்டையாக இருந்திருந்தால் இவ்வளவு நீட்டிப் பேச வேண்டியதில்லை. இதன் விளைவு வகுப்பறையிலும் தெருவிலும் உயிர்களிலும் தெரிகிறது.

வகுப்பறையைப் பாருங்கள். ஹவுரா இரயில் நிலையத்தில் 40 கிலோ பெட்டியைத் தலையில் சுமந்து நிற்கும் சுமைதூக்கும் தொழிலாளி செய்யும் வேலை எவ்வளவு என்பது இந்தியப் பாடநூல்களின் பழகிய கேள்வி. விடை: சுழியம். மாணவர் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார். அவருடைய தந்தையே சுமைதூக்குபவராக இருந்தால் அந்த விடை அவருக்கு எப்படி ஒலிக்கும் என்று எந்த நூலும் கேட்பதில்லை. சொல்ல வேண்டியது மிகச் சிறிது. இயற்பியலில் ‘வேலை’ என்பது ஒரு விசை தன் திசையில் ஒரு பொருளை எவ்வளவு தொலைவு நகர்த்துகிறது என்பதன் கணக்கு. பெட்டி உயரவில்லை, ஆகவே பெட்டி ஆற்றல் எதையும் பெறவில்லை. தொழிலாளியின் தசைநார்களோ ஓயாமல் சுருங்கித் தளர்ந்து, உணவிலிருந்து பெற்ற ஆற்றலை வெப்பமாக்குகின்றன. அவர் களைப்பது உண்மை; அந்த ஆற்றல் செலவும் ஜூலில் அளக்கத்தக்கதே. சுழியமாக இருப்பது பெட்டியின் கணக்கு மட்டும். இந்த விளக்கத்தை எந்த மொழியிலும் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் எந்த மொழியிலும் அது புரியாது.

அதே தொழிலாளி 20 கிலோ அரிசி மூட்டையை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார் எனக் கொள்க. மூட்டையைப் புவி இழுக்கும் விசை ஏறத்தாழ 196 நியூட்டன். அது மாடிக்குப் போனபோது பெற்ற ஆற்றல் 588 ஜூல். 6 நொடியில் ஏற்றினால் திறன் 98 வாட். 12 நொடி எடுத்துக்கொண்டால் 49 வாட். மூட்டை ஒன்று, ஏறிய உயரம் ஒன்று, அளவுகள் மூன்று. விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய விரிவுரை தேவையில்லை. வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் ஒரு ‘யூனிட்’ 36 இலட்சம் ஜூல். இழப்பே இல்லாத பொறி கிடைத்தால் அந்த மூட்டையை ஆறாயிரம் முறைக்கு மேல் மாடியேற்றப் போதுமானது. மனித உழைப்பும் மின்சாரமும் ஒரே அலகில் நிற்கும்போது அந்த உழைப்பு எவ்வளவு மலிவாக விலைபேசப்படுகிறது என்பதும் கண்ணில் படும். பாடநூல்கள் இந்தக் கணக்கைப் போடாமல் வரையறையை மட்டும் மனப்பாடத்துக்குத் தருகின்றன.

தெருவுக்கு வருவோம். அலகு இல்லாத ஆற்றல்தான் இன்று இந்தியச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் சரக்கு. ‘நேர்மறை ஆற்றல்’ தரும் கல், ‘பிரபஞ்ச சக்தி’யை ஈர்க்கும் வகுப்பு, ‘உயர் அதிர்வெண்’ணுக்கு மனத்தை ஏற்றும் பயிற்சி எனக் கடைகள் நீள்கின்றன. ஆங்கிலத்தில் விற்போர் ‘எனர்ஜி’, ‘வைப்ரேஷன்’ என்கிறார்கள். இந்திய மொழிகளில் விற்போர் ‘சக்தி’, ‘அதிர்வலை’ என்கிறார்கள். தந்திரம் ஒன்றே. சொல்லின் பழைய பொருளில் பேச்சைத் தொடங்கி, நடுவில் இயற்பியலின் பொருளுக்குத் தாவி, அதன் மதிப்பைக் கடனாகப் பெற்று, மீண்டும் பழைய பொருளுக்குத் திரும்பிவிடுவது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமன்று. எல்லா மொழிக்கும் அது இயல்பு. ஒரே வாதத்துக்குள் பொருளை மாற்றிக்கொண்டே போவதுதான் மோசடி.

2020 மார்ச் 22-ஆம் நாள் நாடு முழுவதும் கைதட்டப்பட்டது நினைவிருக்கலாம். மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் அந்தச் செயலுக்கு, ஒரே நேரத்தில் எழும் அதிர்வு கொரோனா கிருமியை அழிக்கும் என்ற விளக்கம் கைபேசிகளில் பரவியது. இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அதை மறுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்னும் அரசு அமைப்பு, மாட்டுச் சாணத்தாலான சில்லு கைபேசிக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று அறிவித்தது. அறிவியலாளர் பலர் சான்று கேட்டு மடல் எழுதினர். இரு நிகழ்விலும் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றே. அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ்? வைரஸை அடையும் திறன் எத்தனை வாட்? சில்லு வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தது எந்தக் கருவி? பத்தாம் வகுப்புப் புத்தகம் போதும் இக்கேள்விகளைக் கேட்க. பட்டம் பெற்ற பலருக்கும் அந்தக் கேள்வி நாவில் வரவில்லை என்பதே பள்ளிக் கல்வியின் தோல்வி.

அலை என்ற சொல் உயிரோடு தொடர்புடையது என்பதை இந்தியக் கரைகள் 2004 டிசம்பர் 26 அன்று அறிந்தன. அலை என்பது நீர் ஓடிவருவதன்று. நீரின் வழியே ஆற்றல் கடந்துவருவது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர் அளவே. படகில் இருப்பவர் அதை உணர்வதுகூட அரிது. கரையை நெருங்கும்போது ஆழம் குறைகிறது, வேகம் குறைகிறது, உயரம் பெருகுகிறது. சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் தமிழகக் கரையை அலை தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. வேகத்தின் கணக்கு இயற்பியலாளர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். அதை அளந்து அறிவிக்கும் அமைப்புதான் இந்தியப் பெருங்கடலில் இல்லை. பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கியது. கடலடித் தரையில் வைத்த அழுத்தமானிகள் அலை கடப்பதை இன்று அளக்கின்றன. கடல் சீறுகிறது என்று யாரும் சொல்லலாம். இத்தனை மணிக்கு இந்தக் கரைக்கு வரும் என்று சொல்ல அளவு வேண்டும்.

அளவு என்பது நீதியோடும் தொடர்புடையது. ‘மணங்கு’ என்ற ஒரே சொல் ஆங்கிலேயர் காலத்து வங்காளத்தில் ஏறத்தாழ 37 கிலோ, பம்பாயில் 12.7 கிலோ, சென்னையில் 11.3 கிலோ. சொல் ஒன்றாக இருந்தும் அளவு ஒன்றாக இல்லாததால், ஊர் மாறி விற்கும் உழவருக்கும் ஊர் மாறி வாங்கும் ஏழைக்கும் தம் கையில் இருப்பது எவ்வளவு என்பதே விளங்காத நிலை இருந்தது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுத் தரநிலைச் சட்டமும், 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் முறையும் அதற்கு முடிவு கட்டின. நாட்டின் முதன்மைக் கிலோகிராம் படி, 57 என்ற எண்ணுடன், புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகக் கட்டியையும் சார்ந்திருக்கவில்லை. பிளாங்க் மாறிலியின் நிலைத்த மதிப்பிலிருந்து அது வரையறுக்கப்படுகிறது.

இங்கே இரு தரப்பினரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘கிலோ’ எந்த இந்திய மொழியின் சொல்லும் அன்று. ஆனால் இம்பாலின் பெண்கள் சந்தையிலும் கோழிக்கோட்டின் மீன் சந்தையிலும் அச்சொல்லை யாரும் அந்நியமாகக் கருதுவதில்லை. அதைக் கற்க ஒருவரும் ஆங்கிலம் படிக்கவில்லை. அதை ஏற்க ஒருவரும் வேதத்தில் சான்று தேடவில்லை. அளவு நம்பகமாக இருந்தது. சொல் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத் தரப்பின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில்தானே வருகின்றன என்பார்கள். வருகின்றன, ஆய்வுக்குச் செல்வோர் ஆங்கிலம் கற்றே ஆக வேண்டும். ஆனால் ஆய்விதழைப் படிக்கும் திறனும் விசை என்பது என்ன என்று விளங்கிக்கொள்ளும் திறனும் வேறு வேறு. முதலாவது பதினெட்டு வயதுக்குப் பிறகும் வரலாம். இரண்டாவது பன்னிரண்டு வயதில் தவறிப்போனால் பிறகு வருவது கடினம். சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அதே போஸ்தான் 1948-இல் வங்காள அறிவியல் மன்றத்தை நிறுவி, வங்காளத்திலேயே அறிவியல் இதழ் வெளிவரச் செய்தார். 2008-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மாஸ்காவா தம் நோபல் உரையை ஜப்பானிய மொழியில் நிகழ்த்தினார். இவர்களுக்கு இயற்பியல் தெரியாது என்று சொல்லத் துணிவோர் முன்வரட்டும்.

அலகு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் சரியன்று. கதவைத் திருப்பும் திருப்புத்திறனுக்கும் ஆற்றலுக்கும் அலகுகள் வடிவில் ஒன்றே, கருத்துகள் வேறு. எனவே அலகுக்கு அடுத்த கேள்வி ‘எப்படி அளந்தீர்’ என்பது. இவ்விரு கேள்விகளையும் கேட்கப் பழக்குவதே பள்ளி இயற்பியலின் முதற்கடமை.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. 1961 முதல் இயங்கும் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் புதிய சொற்களை ஆக்குவதோடு நில்லாமல், ஒரே சொல் இந்திய மொழிகளில் எங்கெங்கே எந்தெந்த அளவைக் குறிக்கிறது என்ற ஒப்பீட்டு அட்டவணையைப் பள்ளிகளுக்கு எட்டும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு பாடநூலும் ஒவ்வொரு கலைச்சொல்லின் அருகிலும் அதன் ஆங்கில வடிவத்தையும் அலகையும் சேர்த்துத் தர வேண்டும். கல்லூரி வாயிலில் மாணவர் தடுக்கி விழாமலிருக்க அது உதவும். ‘பலம்’ என்று எழுதினாலும் ‘ஃபோர்ஸ்’ என்று எழுதினாலும் நியூட்டனில் சரியான விளக்கம் தந்தால் முழு மதிப்பெண் வழங்க வேண்டும்.

அதற்குப் பிறகு, மேடையில் ஒருவர் ‘சக்தி’ என்று முழங்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுந்து, எத்தனை ஜூல், எதனால் அளந்தீர்கள் என்று கேட்கும் நாள் வரலாம். அவள் அதைச் சந்தாலி மொழியில் கேட்டாலும், கேட்டது இயற்பியல்தான். பதில் சொல்ல வேண்டிய கடன் மேடையில் நிற்பவருடையது.